ஆங்கில விலங்கு மரபுத்தொடர்கள்

ஆங்கில விலங்கு மரபுத்தொடர்கள் என்பவை விலங்கு அல்லது பறவை ஒன்றின் பெயரைக் கொண்டிருந்தும் அவ்வுயிரைக் குறிக்காமல் வேறொரு பொருளை உணர்த்தும் ஆங்கிலச் சொற்றொடர்கள் ஆகும். ஆங்கிலக் கல்வி, மொழிபெயர்ப்பு, செய்தித்தாள்கள் ஆகியவற்றின் வழியாக இவற்றுள் பல தமிழுக்கு வந்துள்ளன. முதலைக் கண்ணீர், கறுப்பு ஆடு, வெள்ளை யானை, குதிரை பேரம் போன்றவை இன்று தமிழ்ச் சொற்களாகவே வழங்குகின்றன. சென்னை மாகாணத்தில் பிறந்து ஆங்கிலத்துக்குச் சென்ற விலங்குப் பெயர்களும் உள்ளன.

இவ்வாறு மொழி மாறும்போது விலங்கு மட்டும் எல்லை கடந்து வருகிறது. அத்தொடருக்குப் பொருள் தந்த தொழில், சந்தை, நம்பிக்கை ஆகியவை பெரும்பாலும் வந்து சேர்வதில்லை. அதனால் ஒரே தொடர் ஆங்கிலத்தில் ஒரு பொருளிலும் தமிழில் மற்றொரு பொருளிலும் வழங்குவதுண்டு. இவற்றின் தோற்றம் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதைகள் பலவும் பிற்காலத்தில் புனையப்பட்டவை.

வரையறை

மரபுத்தொடரின் பொருளை அதிலுள்ள சொற்களின் பொருளைக் கூட்டிப் பெற முடியாது. "பூனைக்குட்டி திண்ணைக்கு வந்தது" என்பது சாதாரண வாக்கியம். அரசியல் செய்தி ஒன்றில் "பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது" என்று வந்தால் அங்கே பூனையும் இல்லை, குட்டியும் இல்லை. பழமொழி தன்னளவில் முழுக் கருத்தைச் சொல்வது. மரபுத்தொடர் வாக்கியத்தின் ஓர் உறுப்பாக நிற்பது. இவ்வெல்லை கறாரானதன்று.

தமிழ் இலக்கணத்தில் 'மரபு' என்னும் சொல் வேறொரு பொருளிலும் வழங்குகிறது. தொல்காப்பியத்தின் மரபியல் விலங்குகளின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியவற்றைக் கூறுகிறது. யானை பிளிறும், குதிரை கனைக்கும் என்று பள்ளியில் பயிலும் ஒலிமரபும் அவ்வகையினதே. இக்கட்டுரையில் அப்பொருள் கொள்ளப்படவில்லை. தற்காலத் தமிழ் மரபுத்தொடர்களுக்கெனத் தனி அகராதி ஒன்றைச் சென்னையில் இயங்கும் மொழி அறக்கட்டளை 1997இல் வெளியிட்டது.

முதலைக் கண்ணீர்

போலியான வருத்தத்தைக் குறிக்கும் இத்தொடர், முதலை தன் இரையை அழுதுகொண்டே தின்னும் என்ற ஐரோப்பிய நம்பிக்கையிலிருந்து தோன்றியது. இந்நம்பிக்கையை ஆங்கில வாசகர்களிடையே பரப்பியதில் சர் ஜான் மாண்டவில் என்பவரின் பெயரில் வழங்கும் பயண நூலுக்குப் பெரும் பங்குண்டு. இது 14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டுப் பின்னர் ஆங்கிலத்துக்கு வந்தது. இந்திய நாடெங்கும் முதலைகள் மிகுந்துள்ளன என்றும், அவை மனிதரைக் கொன்று அழுதபடி உண்ணும் என்றும் அந்நூல் கூறுகிறது.

இதே நூல் புனித தோமாவின் உடல் வைக்கப்பட்டுள்ள ஊரையும் வருணிக்கிறது. அந்த ஊர் மயிலாப்பூர் என்று அடையாளப்படுத்தப்படுகிறது. ஆனால் மாண்டவில் என்பவர் இப்பகுதிக்கு வந்தவரல்லர். அப்படி ஒருவர் இருந்தாரா என்பதே ஐயத்துக்குரியது. 1320களில் தோமாவின் கோயிலுக்கு உண்மையிலேயே வந்துசென்ற ஓடோரிக் என்னும் துறவியின் குறிப்புகளை எடுத்துக்கொண்டு, கேள்விப்பட்டவற்றையும் கலந்து நூலாசிரியர் எழுதியிருக்கிறார். எனவே முதலைக் கண்ணீர் இந்தியாவின் பெயரால் ஐரோப்பாவில் பரவி, சில நூற்றாண்டுகள் கழித்து ஆங்கிலத்தின் வழியே மீண்டும் மயிலாப்பூருக்கு வந்து சேர்ந்தது எனலாம். இடையில் சேக்சுபியரின் ஒத்தெல்லோ நாடகத்திலும் இக்கருத்து இடம்பெற்றது.

பழந்தமிழ் மரபில் முதலைக்கு உரிய குணம் அழுகையன்று, பிடி. கவ்வியதை விடாமை, நீருக்குள் இருக்கும்வரை வெல்ல முடியாத வலிமை ஆகியவையே பேசப்படுகின்றன. திருக்குறளின் இடனறிதல் அதிகாரம் ஆழ்ந்த நீரில் முதலை பிறவற்றை வெல்லும் என்றும், நீரைவிட்டு நீங்கினால் பிற அதனை வெல்லும் என்றும் கூறுகிறது. யானையின் காலைப் பற்றிய முதலை, அவிநாசியில் பாலகனை விழுங்கிய முதலை என்று புராணக் கதைகளில் வருபவையும் அழுவதில்லை.

முதலைக்குக் கண்ணீர்ச் சுரப்பிகள் உண்டு; நீருக்கு வெளியே இருக்கும்போது அவை கண்ணை ஈரமாக வைத்திருக்கின்றன. புளோரிடாவில் கென்ட் விலியெட் என்னும் விலங்கியலாளர் முதலையினத்தைச் சேர்ந்த ஏழு உயிரினங்கள் (ஆலிகேட்டர், கேமன்) நீருக்கு வெளியே உண்பதைப் படம்பிடித்தார். அவற்றுள் ஐந்தின் கண்களில் உண்ணும்போது நீர் கோத்தது. சிலவற்றில் நுரையும் குமிழும் தோன்றின. இம்முடிவு 2007இல் வெளியானது. உண்ணும்போது வேகமாக வெளியேற்றப்படும் காற்று மூக்குப் பகுதியின் வழியே கண்ணீரை வெளித்தள்ளுவது காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஆக, நம்பிக்கையின் காட்சி உண்மை. அதற்குச் சொல்லப்பட்ட காரணமே தவறு.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் உள்ள சென்னை முதலைப் பண்ணை 1976இல் ரோமுலசு விட்டேக்கர் முதலியோரால் தொடங்கப்பட்டது. அழிவின் விளிம்பிலிருந்த இந்திய முதலையினங்களைப் பெருக்குவதே அதன் முதல் நோக்கம். 2015ஆம் ஆண்டு வெள்ளத்தில் அடையாற்றங்கரை மூழ்கியபோது, பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி நகருக்குள் வந்துவிட்டன என்று வதந்தி பரவியது. பண்ணையினர் அதை மறுத்தனர். அங்கிருந்து ஒரு முதலையும் வெளியேறவில்லை. முதலையைப் பற்றிக் கேள்விப்பட்டதை நம்பும் வழக்கம் மாண்டவிலோடு முடிந்துவிடவில்லை.

கறுப்பு ஆடு

ஆங்கிலத்தில் 'பிளாக் சீப்' என்பது குடும்பத்துக்கு அவப்பெயர் தேடித் தரும் உறுப்பினரைக் குறிக்கும். இதன் பின்னணியில் இருப்பது கம்பளித் தொழில். வெள்ளைக் கம்பளியை எந்த நிறத்திலும் சாயமேற்றலாம். கறுப்புக் கம்பளியில் சாயம் பிடிக்காது. எனவே வெள்ளை மந்தையில் எப்போதாவது பிறக்கும் கறுப்புக் குட்டியின் கம்பளிக்கு விலை குறைவு. ஐரோப்பிய ஆடுகளில் கருமை பெரும்பாலும் ஒடுங்கு பண்பாக மறைந்திருப்பதால், பெற்றோர் இரண்டும் வெள்ளையாக இருந்தும் திடீரென அத்தகைய குட்டி பிறப்பதுண்டு. வெறுப்புக்கு நிறத்தைப் பற்றிய நம்பிக்கையும் துணைசெய்தது. எனினும் கறுப்பு ஆட்டிடம் கம்பளி கேட்கும் ஆங்கில மழலைப் பாடலில் அந்த ஆடு இழிவாகப் பேசப்படவில்லை. அடையாறு, தியாகராய நகர் பகுதிகளில் ஆங்கிலவழிப் பள்ளிக்குச் செல்லும் குழந்தை முதலில் அறிவது இந்த நல்ல கறுப்பு ஆட்டைத்தான்.

தமிழ்நாட்டுச் சூழல் முற்றிலும் வேறு. சென்னையைச் சுற்றியுள்ள காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் வளர்க்கப்படும் 'சென்னை சிவப்பு' இனச் செம்மறியாடு கம்பளிக்காக வளர்க்கப்படுவதன்று. அதன் உடலில் இருப்பது குட்டையான முடியே, இறைச்சிக்காக வளர்க்கப்படுகிறது. சேலம் பகுதியின் மேச்சேரி ஆடும் அத்தகையதே. சாயமேற்றும் சிக்கலே இல்லாத இடத்தில் கறுப்பு நிறத்தால் விலை குறைய வாய்ப்பில்லை. மேலும் 'திருச்சி கறுப்பு' என்று ஓர் இனமே உள்ளது. அந்த மந்தையில் கறுப்பாக இருப்பதுதான் இயல்பு. செம்மறி என்னும் பெயரிலேயே செம்மை இருக்கிறது. வெள்ளாட்டின் பெயரில் வெண்மை இருந்தாலும் தென்மாவட்டங்களின் கன்னி ஆடு போலக் கறுத்த வெள்ளாடுகள் மிகச் சாதாரணம். காவல் தெய்வங்களுக்குக் கறுப்புக் கிடாய் நேர்ந்துவிடும் வழக்கமும் உண்டு.

எனவே 'கறுப்பு ஆடு' தமிழுக்கு வந்தபோது அதன் பொருள் மாறியது. "நம்மிடையே கறுப்பு ஆடுகள் உள்ளன", "காவல்துறையில் உள்ள கறுப்பு ஆடு" என்று தமிழ்ச் செய்தித்தாள்கள் எழுதும்போது அது உள்ளேயிருந்து காட்டிக்கொடுப்பவரை, மறைந்திருக்கும் துரோகியைக் குறிக்கிறது. ஆங்கிலக் கறுப்பு ஆடு வெள்ளை மந்தையில் எவர் கண்ணுக்கும் தப்பாதது. தமிழ்க் கறுப்பு ஆடோ கண்டுபிடிக்கப்பட வேண்டியது. இதைப் பிழை என்று ஒதுக்குவதைவிட, தமிழில் அது தனிச் சொல்லாகிவிட்டது என்று கொள்வதே பொருத்தம். ஆனால் மொழிபெயர்ப்பாளர்கள் கவனிக்க வேண்டும்: ஆங்கில நாவல் ஒன்றில் குடும்பத்தின் 'பிளாக் சீப்' என்று வரும் ஊதாரி மகனைக் 'கறுப்பு ஆடு' என்று எழுதினால், தமிழ் வாசகர் அவன் யாரையோ காட்டிக்கொடுக்கப் போகிறான் என்று காத்திருப்பார்.

வெள்ளை யானை

பயனின்றிப் பெருஞ்செலவு வைக்கும் உடைமை அல்லது திட்டம் ஆங்கிலத்தில் வெள்ளை யானை எனப்படுகிறது. சயாம் மன்னர் தமக்குப் பிடிக்காத அவையினருக்கு வெள்ளை யானையைப் பரிசளிப்பார், அதை வேலை வாங்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது, தீனி போட்டே பரிசு பெற்றவர் அழிவார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. சயாம் மன்னர்கள் இவ்வாறு செய்ததற்கு வரலாற்றுச் சான்று இல்லை. வெள்ளை யானை அரசுரிமையின் அடையாளம். அது கிடைத்தால் மன்னரிடம் சேர்ப்பிக்கப்பட்டது. 1916 வரை சயாம் நாட்டுக் கொடியிலும் அது இருந்தது.

தமிழ் மரபில் வெள்ளை யானை இந்திரனின் ஐராவதம். சுந்தரர் வெள்ளை யானை மீதேறிக் கயிலைக்குச் சென்றதாகப் பெரியபுராணம் கூறுகிறது. அந்நூலின் இறுதிப் பகுதிக்கு வெள்ளானைச் சருக்கம் என்றே பெயர். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் உலாவைக் காணும் ஒருவருக்கு வெள்ளானை என்பது வீடுபேற்றின் வாகனம். அதே நாள் செய்தித்தாளில் நட்டத்தில் ஓடும் அரசு நிறுவனம் 'வெள்ளை யானை' எனப்படுவதையும் அவர் படிக்க நேரலாம்.

ஆங்கிலத் தொடரின் கருத்துக்குத் தமிழில் ஏற்கெனவே சொல் இருந்தது. "யானையைக் கட்டித் தீனி போடுவது" என்றால் போதும், நிறம் வேண்டியதில்லை. கோயில் யானைகளைத் தெருவில் கண்டு பழகிய மக்களுக்கு அதன் செலவு விளக்காமலே புரியும்.

குதிரை பேரமும் குதிரையின் பல்லும்

அரசியலில் ஆதரவை விலைபேசுவதைக் குறிக்கும் 'ஆர்சு டிரேடிங்' 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பரவிய சொல். குதிரை விற்பவர்கள் அதன் குறைகளை மறைப்பதில் பெயர் பெற்றவர்கள். வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் ஏமாற்ற முனையும் பேரமே இதன் மூலப்பொருள். ஆங்கிலத்தில் இரு தரப்பும் விட்டுக்கொடுத்து உடன்படுவதையும் இது குறிக்கும். இந்தியாவில் ஏறத்தாழ ஒரே பொருள்தான்: சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களை விலைக்கு வாங்குதல். 1985இல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்த பிறகும் சொல்லுக்கு வேலை குறையவில்லை. பிப்ரவரி 2017இல் அ.தி.மு.க. சட்டமன்ற உறுப்பினர்கள் கூவத்தூர் விடுதியில் தங்கவைக்கப்பட்டிருந்தபோது 'குதிரை பேரம்' தமிழ்ச் செய்திகளில் நாள்தோறும் இடம்பெற்றது.

தமிழகத்திலும் உண்மையான குதிரை வணிகம் இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு, பாரசீகப் பகுதிகளிலிருந்து கடல்வழியே ஆண்டுதோறும் ஏராளமான குதிரைகள் வாங்கப்பட்டதையும், சரியான பராமரிப்பின்றி அவை விரைவில் இறந்ததையும் எழுதியுள்ளார். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொருளுடன் சென்ற மாணிக்கவாசகர் அதைத் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட்டதும், இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்து கொடுத்ததும், இரவில் அவை மீண்டும் நரிகளானதும் திருவிளையாடற் புராணக் கதை. விற்ற மறுநாள் சரக்கின் உண்மை தெரியவருவது என்ற அளவில் இது குதிரை பேரத்துக்கு மிக அருகில் நிற்கிறது. ஆனால் தமிழ் அரசியல் எழுத்து இதை எடுத்துக்கொள்ளவில்லை; அமெரிக்கக் குதிரையையே எடுத்துக்கொண்டது.

இதற்கு மாறாக, இரு மொழிகளும் தனித்தனியே ஒரே கருத்தை எட்டிய இடமும் உண்டு. பரிசாக வந்த குதிரையின் வாயைப் பார்க்காதே என்பது ஆங்கிலப் பழமொழி. இலத்தீனில் புனித செரோம் காலத்திலேயே, அதாவது ஏறத்தாழ கி.பி. 400 அளவிலேயே, இது பழமொழியாக இருந்தது. தமிழில் தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பர். காரணம் ஒன்றே: பல் வயதைக் காட்டிவிடும். குதிரைக்கு வயதாக ஆகப் பற்கள் தேய்வதோடு ஈறு விலகி நீண்டும் தோன்றும். முதியவரைப் 'பல் நீண்டவர்' என்னும் ஆங்கிலத் தொடரும் இதிலிருந்து வந்தது. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையா. கீழ்த்தாடையில் ஏறத்தாழ இரண்டு வயதில் நிலைப்பற்கள் இரண்டு முளைத்து, பின் இரண்டிரண்டாக எட்டு வரை சேரும். எட்டும் சேர்ந்த மாடு முழு வளர்ச்சியுற்றது. சந்தையில் மாடு வாங்குபவர் இன்றும் முதலில் வாயைத்தான் திறந்து பார்க்கிறார்.

எதிர்பாராமல் வெல்பவரைக் குறிக்கும் 'டார்க் ஆர்சு' தமிழில் 'கறுப்புக் குதிரை' ஆகியுள்ளது. ஆங்கிலத்தில் 'டார்க்' என்பது இங்கே நிறத்தைக் குறிப்பதைவிடத் திறன் வெளியே தெரியாமல் இருப்பதையே குறிக்கிறது. டிசுரேலியின் 1831ஆம் ஆண்டு நாவலில் வரும் குதிரைப் பந்தயக் காட்சியிலிருந்து இத்தொடர் பரவியது. கிண்டியில் பல தலைமுறைகளாகக் குதிரைப் பந்தயம் நடந்த நகரில்கூட இதற்கு நல்ல தமிழாக்கம் உருவாகவில்லை.

பூனைகள்

இரகசியம் வெளிப்படுவதை ஆங்கிலத்தில் 'பையிலிருந்து பூனையை வெளியே விடுதல்' என்பர். 1760 முதல் இதற்கு எழுத்துச் சான்று உள்ளது. சந்தையில் பன்றிக்குட்டி என்று சொல்லிப் பையில் பூனையை வைத்து விற்கும் மோசடியே இதன் மூலம் என்ற விளக்கம் பெரிதும் ஏற்கப்படுகிறது. பையைத் திறக்காமல் பன்றி வாங்காதே என்ற எச்சரிக்கை அதற்கும் முந்தையது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் அவ்வெச்சரிக்கை 'பையில் பூனை வாங்குதல்' என்றே உள்ளது.

தமிழில் "பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது" என்கிறார்கள். பையைக் காணவில்லை, பூனை குட்டியாகிவிட்டது. எங்கிருந்து வெளியே வந்தது என்ற கேள்வி எழாமலே தொடர் வேலை செய்கிறது.

பூனைக்கு யார் மணி கட்டுவது என்ற கேள்வியைத் தமிழர் பலர் தமக்கே உரியதாகவோ ஈசாப்புக் கதையாகவோ கருதுகின்றனர். ஈசாப்பின் பழைய தொகுப்புகளில் இக்கதை இல்லை. இங்கிலாந்தில் 13ஆம் நூற்றாண்டில் ஓடோ என்னும் சமயப் போதகர் எழுதிய இலத்தீன் கதைகளில் இது காணப்படுகிறது. அதிகாரம் மிக்கவரை எதிர்க்க அஞ்சும் திருச்சபையினரைக் குத்திக்காட்ட அவர் இதைப் பயன்படுத்தினார்.

நெருப்புக்கோழி

ஆபத்தைக் கண்டும் காணாதிருப்பவரை மணலில் தலையைப் புதைக்கும் நெருப்புக்கோழி என்பது ஆங்கில வழக்கு. நெருப்புக்கோழி அவ்வாறு செய்வதில்லை. தலையையும் கழுத்தையும் புதருக்குள் நுழைத்துக்கொண்டு முழு உடலும் மறைந்துவிட்டதாக அது எண்ணும் என்று உரோமானிய எழுத்தாளர் பிளினி 1ஆம் நூற்றாண்டில் எழுதியதே இதன் வேர். பறவை தரையில் குழிபறித்து முட்டையிட்டு, அலகால் அவற்றைப் புரட்டிவிடும். தொலைவிலிருந்து காண்பவருக்குத் தலை மறைந்ததுபோல் தோன்றும். நெருப்பை விழுங்கும் என்ற நம்பிக்கையால் வந்த தமிழ்ப் பெயரும் இதே வகைத் தவறுதான். தமிழில் இக்கருத்துக்குப் பழகிய விலங்கே உண்டு: பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்பர்.

பொய்த் தோற்றக் கதைகள்

பலத்த மழையைக் குறிக்கும் 'பூனையும் நாயுமாகப் பெய்தல்' தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர் மனப்பாடம் செய்யும் ஆங்கிலத் தொடர்களுள் முதன்மையானது. பழங்காலத்தில் பூனையும் நாயும் கூரைவைக்கோலில் உறங்கின, மழையில் வழுக்கிக் கீழே விழுந்தன என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. 1999இல் மின்னஞ்சல் வழியே உலகெங்கும் பரவிய வேடிக்கைக் கட்டுரை ஒன்றே இந்த விளக்கத்தைப் பரப்பியது. இதற்கு வேறு சான்று இல்லை. 17ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இதை ஒத்த தொடர்கள் ஆங்கிலத்தில் இருந்தன. இன்றைய வடிவத்தை 1738இல் சோனாதன் சுவிப்டின் எழுத்தில் காணலாம். இலண்டன் மழைவெள்ளத்தில் செத்த பூனைகளும் நாய்க்குட்டிகளும் அடித்துச் செல்லப்படுவதைச் சுவிப்டு 1710இல் ஒரு கவிதையில் வருணித்துள்ளார். தொடரின் உறுதியான மூலம் நிறுவப்படவில்லை.

தமிழில் மழை பேயாய்ப் பெய்யும், வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். விலங்குகள் மழையோடு விழுவதில்லை, மழைக்கு முன்னறிவிப்பாக வருகின்றன. தட்டான் தாழப் பறந்தாலும், எறும்பு முட்டையோடு மேட்டுக்கு ஏறினாலும், தவளை கத்தினாலும் மழை வரும் என்பர்.

கணினித் துறையிலும் இத்தகைய கதை உண்டு. செப்டம்பர் 9, 1947 அன்று ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினியின் உணர்த்தி ஒன்றில் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. பொறியாளர்கள் அதைக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தனர். மென்பொருட் பிழைக்குப் 'பக்' என்ற பெயர் இதனால்தான் வந்தது என்பர். ஆனால் அக்குறிப்பேட்டிலேயே, உண்மையான பூச்சி அகப்பட்டது இதுவே முதல் முறை என்று நகைச்சுவையாக எழுதப்பட்டுள்ளது. பெயர் முன்பே இருந்ததால்தான் அந்த நகைச்சுவை பொருள்படுகிறது. எடிசன் 1878இலேயே கருவிகளின் சிறு கோளாறுகளைக் குறிக்க இச்சொல்லைக் கையாண்டுள்ளார். தமிழ்க் கணிமையில் இதற்குப் 'பூச்சி' என்ற மொழிபெயர்ப்பு நிலைக்கவில்லை. இலக்கணப் பிழையைக் குறித்த 'வழு' என்னும் பழஞ்சொல் எடுத்தாளப்பட்டது. விலங்கைக் கடன் வாங்காமலே கருத்தைக் கொண்டுவந்ததற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஆங்கிலத்துக்குச் சென்றவை

தமிழில் பெருச்சாளி எனப்படும் உயிரினத்துக்கு ஆங்கிலத்தில் 'பேண்டிகூட்' என்று பெயர். பன்றி-எலி என்று பொருள்படும் 'பந்திகொக்கு' என்னும் தெலுங்குச் சொல்லின் திரிபு இது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆத்திரேலியாவுக்குச் சென்ற ஆங்கிலேயர், அங்கு கண்ட, பெருச்சாளிக்கு எவ்வுறவும் இல்லாத பைம்மாவினப் பாலூட்டிக்கும் இதே பெயரைச் சூட்டினர். பிறகு அங்கே மரபுத்தொடர்களும் பிறந்தன. 'பேண்டிகூட் போல் பரிதாபமாக' என்பது ஒன்று. செடியை மேலே அப்படியே விட்டுவிட்டு அடியிலுள்ள உருளைக்கிழங்கை மட்டும் திருடுவதற்கும் இப்பெயரே வினைச்சொல்லாயிற்று. தமிழிலோ 'ஊழல் பெருச்சாளி' உண்டு. உள்ளிருந்தே குடைந்து தின்னும் இயல்பு இரு நாட்டுத் தொடர்களுக்கும் பொது. கழிவுநீர்த் தொட்டிகளில் மனிதரை இறக்காமல் துப்புரவு செய்யக் கேரளத்தில் உருவாக்கப்பட்டு 2018இல் பயன்பாட்டுக்கு வந்த இயந்திரத்துக்கும் பேண்டிகூட் என்றே பெயர்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்று பரவலாக வழங்குவனவற்றுள் ஒன்று 'பரியா' ஆகும். பறையர் என்னும் சாதிப்பெயர் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மொழிகளில் நுழைந்தது. பறை என்னும் இசைக்கருவியோடு இப்பெயர் தொடர்புடையது என்பது பொதுவான விளக்கம். அச்சமூகத்தினரில் பெரும்பாலோர் வேளாண் தொழிலாளர்களாக இருந்தனர். ஐரோப்பியர் இப்பெயரை எல்லா ஒடுக்கப்பட்டோருக்கும், பின்னர் ஒதுக்கப்பட்ட எவருக்கும் உரியதாக்கினர். 1791இல் வெளியான பெர்னார்டின் தெ சான் பியர் என்பவரின் பிரெஞ்சுக் கதை இதை ஐரோப்பாவெங்கும் பரப்பியது. இன்று பன்னாட்டு அரசியலில் ஒதுக்கிவைக்கப்பட்ட நாடும் 'பரியா' எனப்படுகிறது.

18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஆங்கிலேயர் தெருவில் திரிந்த உரிமையாளரற்ற நாய்களையும் 'பரியா டாக்' என்று அழைக்கத் தொடங்கியிருந்தனர். ஊர்ப்புறத்தில் வட்டமிடும் கரும்பருந்தும் 'பரியா கைட்' ஆயிற்று. தஞ்சாவூரில் நீதிபதியாகப் பணியாற்றிய பர்னல், என்றி யூல் என்பவருடன் இணைந்து தொகுத்து 1886இல் வெளியான ஆப்சன்-சாப்சன் என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியில் இச்சொற்கள் பதிவாகியுள்ளன. மக்களின் பெயரை நாய்க்கு அடைமொழியாக்கியதை மொழியின் இயல்பான வளர்ச்சி என்று மட்டும் கொள்ள முடியாது. ஏனைய மரபுத்தொடர்களில் விலங்கின் குணம் மனிதருக்கு ஏற்றப்படுகிறது. இங்கு மனிதருக்கு இழைக்கப்பட்ட இழிவு விலங்கின் மீது ஏற்றப்பட்டு, மீண்டும் அம்மனிதரிடமே திரும்பி வந்தது.

இப்பெயருக்கு எதிர்வினையும் சென்னையிலிருந்தே எழுந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் சென்னையில் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். இழிவாக்கப்பட்ட பெயரை வெளிப்படையாக ஏற்று நின்றாலன்றி உரிமை கேட்க இயலாது என்பது அவர் நிலைப்பாடு. அயோத்திதாசப் பண்டிதர் அதற்கு மாறாக அப்பெயரையே மறுத்தார். அது பகைவர் சூட்டியது என்றும், தம் மக்கள் பூர்வ பௌத்தர், ஆதித்தமிழர் என்றும் வாதிட்டார். 1907இல் அவர் இராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆனது. 1922இல் எம். சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்து, அரசு ஆவணங்களில் பழைய பெயர்களுக்கு மாற்றாக 'ஆதி திராவிடர்' என்னும் பெயர் வழக்குக்கு வந்தது.

ஆங்கில அகராதிகளில் இச்சொல் இன்றும் உள்ளது. பறவையியலில் 'பரியா கைட்' என்ற பெயர் பெரும்பாலும் கைவிடப்பட்டு, 'கரும்பருந்து' என்னும் பொருள்படும் பெயர் வழங்குகிறது. இந்திய நாட்டு நாயினத்தின் ஆர்வலர்கள் பலர் 'பரியா' என்பதைத் தவிர்த்து 'இன்டாக்' என்று எழுதுகின்றனர். தமிழில் அந்த நாய்க்கு நாட்டு நாய், தெரு நாய் என்னும் பெயர்கள் முன்பிருந்தே உண்டு.